கதைக்காக ஒரே ஒரு ஆக்‌ஷன் கேம்: எதில் தொடங்குவது?

ஆக்‌ஷன் கேம்களில் நல்ல கதைகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, ஒன்றை மட்டும் வாங்கி முழுதாக ஆடிப் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் ஒரு பிளேஸ்டேஷனோ சுமாரான கம்ப்யூட்டரோ இருக்கிறது. வேலை, வீடு எல்லாம் போக இரவில் ஒரு மணி நேரம் கிடைக்கும். யாரைக் கேட்டாலும் சில பெயர்களே திரும்பத் திரும்ப வரும்: காட் ஆஃப் வார், தி லாஸ்ட் ஆஃப் அஸ், ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, ஹாஃப்-லைஃப் 2, ஹெல்பிளேட், எல்டன் ரிங். எல்லாவற்றையும் ‘கதை அருமை’ என்றே சொல்வார்கள். சொல்வது சரிதான். ஆனால் ஒவ்வொன்றும் கதை சொல்லும் விதம் வேறு, ஆளை உள்ளே இழுக்கும் விதமும் வேறு. ஒருவருக்கு உயிராகத் தெரிவது இன்னொருவருக்கு மூன்றாம் நாளே சலித்துப்போகும்.

தேர்வு செய்ய நான் பார்ப்பது ஒன்றைத்தான். கதையின் கனமான இடத்தில் என் கை என்ன செய்துகொண்டிருக்கிறது? கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுத் திரையைப் பார்க்கிறேனா, இல்லை அந்தக் காரியத்தைச் செய்வதே நானா? கட்சீன் (ஆட்டத்தின் நடுவே நாம் பார்க்க மட்டும் வரும் காட்சி) எவ்வளவு அழகாக எடுக்கப்பட்டிருந்தாலும், அது முடிந்ததும் நான் செய்யும் வேலை அதற்கு நேர் எதிராக இருந்தால் மனம் ஒட்டாது.

இது புதிய குறை அல்ல. கேம் வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் 2007-ல் பயோஷாக் என்ற கேமைப் பற்றி எழுதிய விமர்சனத்தில் இதைத்தான் சொன்னார். ஆட்டம் உன் நலனை நீ பார்த்துக்கொள் என்கிறது, கதையோ இன்னொருவருக்கு உதவியே தீர வேண்டும் என்கிறது, இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்பது அவர் வாதம். ‘லூடோநேரடிவ் டிஸ்ஸோனன்ஸ்’ என்று அதற்கு அவர் வைத்த பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அன்சார்ட்டட் என்ற கேம் வரிசையின் நாயகன் நேதன் டிரேக் கட்சீனில் சிரித்த முகத்தோடு வரும் நல்லவன், ஆட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுத்தள்ளுபவன். அன்சார்ட்டட் 4-ல் (2016) ஆயிரம் எதிரிகளைக் கொன்றால் கிடைக்கும் கோப்பைக்கு ஹாக்கிங்கின் அந்தச் சொல்லையே பெயராக வைத்தார்கள். செய்தவர்களுக்கே அந்த இடைவெளி தெரிந்திருந்தது. ஆக்‌ஷன் கேமில் கதை சொல்வதன் அடிப்படைச் சிக்கல் இது. சண்டை இல்லாமல் ஆட்டம் இல்லை. ஆனால் நம் மனத்தில் நிற்கும் மனிதக் கதைகளில் சண்டை கொஞ்சம்தான் இருக்கும். இதை யார் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால் தேர்வு தானாக எளிதாகிவிடும்.

முதலில் தி லாஸ்ட் ஆஃப் அஸ். நாட்டி டாக் நிறுவனம் 2013-ல் பிளேஸ்டேஷன் 3-க்காக வெளியிட்டது. 2022-ல் ‘பார்ட் ஒன்’ என்ற பெயரில் பிளேஸ்டேஷன் 5-க்காகப் புதிதாகச் செய்து, 2023 மார்ச்சில் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்தார்கள். பூஞ்சைத் தொற்றில் உலகம் சிதைந்து இருபது ஆண்டுகள் ஆன பிறகு, ஜோயல் என்ற முரட்டு மனிதன் எல்லி என்ற பதினான்கு வயதுப் பெண்ணை அமெரிக்காவின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு அழைத்துப்போகிறான். கதை என்று பார்த்தால் இந்தப் பட்டியலிலேயே இதுதான் சிறந்தது என்பது என் எண்ணம்.

தொடக்கத்தில் நீங்கள் ஜோயல் இல்லை. அவன் மகள் சாரா. இரவில் தூக்கம் கலைந்து, அப்பாவைத் தேடி வீட்டுக்குள் நடக்கிறீர்கள். ஆயுதம் கிடையாது, எதிரி கிடையாது. அறை அறையாக எட்டிப் பார்க்கலாம், டிவியைக் கவனிக்கலாம், அவ்வளவுதான். அந்தச் சில நிமிடங்களிலேயே அந்த வீடு உங்கள் வீடாகிவிடும். அடுத்து வருவதை நான் சொல்லப்போவதில்லை.

இன்னொரு இடம் ஏணி. பயணம் முழுக்க ஜோயல் எல்லியை மேலே தூக்கிவிடுவான், அவள் அங்கிருந்து ஏணியை இறக்குவாள். திரும்பத் திரும்ப வரும் இந்த வேலை ஒரு கட்டத்தில் கைக்கு வெறும் பழக்கமாகிவிடும். கதை இறுதியை நெருங்கும்போது, வழக்கம்போல அவளைக் கூப்பிட்டால் அவள் வரமாட்டாள். எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் மனத்தில் ஏதோ உடைந்திருக்கிறது என்பதை நமக்குச் சொல்வது அந்தப் பட்டனும் அந்த ஏணியும்தான். வசனம் அதற்குப் பிறகுதான் வருகிறது. பதினைந்து மணி நேரம் ஒரு பழக்கத்தை ஊட்டி, சரியான நேரத்தில் அதைப் பறித்துக்கொள்வது ஆட்டத்தால் மட்டுமே முடிகிற கதைசொல்லல். முடிவும் அப்படியே. தேர்வு எதுவும் தரமாட்டார்கள். முடிவெடுப்பது ஜோயல், ஆனால் அதை நிறைவேற்ற நடப்பது நீங்கள்.

பிறகு ஏன் தொடங்க வேண்டிய கேமாக இதை நான் சொல்லவில்லை? கதையும் ஆட்டமும் பல இடங்களில் மாறி மாறி வருகின்றன. கொஞ்ச நேரம் பார்க்கிறீர்கள், கொஞ்ச நேரம் ஒளிந்து சண்டையிடுகிறீர்கள், மறுபடி பார்க்கிறீர்கள். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் பதுங்கியிருக்கும்போது எல்லி எதிரியின் முன்னாலேயே ஓடுவாள். நீங்கள் மாட்டாதவரை அவளை யாரும் கவனிக்க மாட்டார்கள். அவளால் ஆட்டக்காரர் செத்துக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக எடுத்த முடிவு அது. நியாயமான முடிவுதான், ஆனாலும் அந்த நொடியில் அது வெறும் கேம் என்பது நினைவுக்கு வந்துவிடும். அப்புறம், கதை கொடூரமானது. நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து இரவில் ஒரு மணி நேரம் இதற்குள் போவது எல்லோருக்கும் ஒத்துவராது. கம்ப்யூட்டரில் ஆடுவதாக இருந்தால் இன்னொன்று: வெளியானபோது அந்தப் பதிப்பு மிகவும் தடுமாறியது. பின்னர் வந்த திருத்தங்களில் நிறையச் சரியானது என்றாலும் வலுவான மெஷின் வேண்டும்.

காட் ஆஃப் வார் (2018) வேறு வழியில் போனது. சாண்டா மோனிகா ஸ்டூடியோ, இயக்குநர் கோரி பார்லாக். பழைய காட் ஆஃப் வார் கேம்கள் கிரேக்கப் புராணத்தில் நடப்பவை. அவற்றில் நாயகன் க்ரேட்டோஸ் கோபம் மட்டுமே கொண்ட ஒரு கொலைகாரன். புதியதில் அவன் வடதேசத்து நார்ஸ் உலகத்தில் ஒளிந்து வாழும் வயதான தந்தை. மனைவி இறந்துவிட்டாள். தன் சாம்பலை மிக உயர்ந்த சிகரத்திலிருந்து தூவ வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காக அப்பாவும் மகன் அட்ரேயஸும் கிளம்புகிறார்கள். கதை இவ்வளவுதான். தான் தந்தையான அனுபவம் இந்தக் கதையில் கலந்திருப்பதாக பார்லாக் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆடும்போது அது தெரிகிறது.

தொடக்கம் முதல் இறுதி வரை கேமரா ஒரு முறைகூட வெட்டுப்படுவதில்லை. க்ரேட்டோஸின் தோளுக்குப் பின்னால் நிற்கும் அது கட்சீன் வந்தால் சற்று நகர்ந்து முகத்தைக் காட்டும், முடிந்ததும் மறுபடி தோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். எந்த நொடியில் காட்சி முடிந்து ஆட்டம் தொடங்கியது என்று பல இடங்களில் கைக்கே தெரியாது. ‘இப்போது பார், இப்போது ஆடு’ என்ற பிரிவு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. லாஸ்ட் ஆஃப் அஸில் நான் சொன்ன முதல் குறைக்கு நேரடிப் பதில் இது.

கன்ட்ரோலரில் உள்ள சதுரப் பட்டன் முழுக்க மகனுக்கு. அதை அழுத்தினால் அட்ரேயஸ் அம்பு விடுவான். முதலில் தடுமாறுகிற பையன், போகப் போகச் சண்டையில் உங்களுக்கு இன்றியமையாதவன் ஆகிறான். அவன் வளர்வதைக் கட்சீன் சொல்வதற்கு முன்பே உங்கள் கட்டைவிரல் உணர்ந்துவிடும். ஒரு கட்டத்தில் அவன் உடன் இல்லாமல் தனியாகச் சண்டையிட வேண்டியிருக்கும். பழக்கத்தில் விரல் சதுரப் பட்டனுக்குப் போகும். அம்பு வராது. அந்த வெறுமையைச் சொல்ல ஒரு வசனமும் தேவைப்படவில்லை. மேலே ஏணியைப் பற்றிச் சொன்னேனே, அதே வித்தைதான். இங்கே அது ஆட்டம் முழுக்க, ஒவ்வொரு சண்டையிலும் நடக்கிறது.

அப்புறம் படகு. ஒன்பது உலகங்களின் ஏரியில் அப்பாவும் மகனும் படகில் போகும்போது பேசிக்கொள்கிறார்கள். கதை சொல்லத் தெரியாத க்ரேட்டோஸ், மகன் கேட்டதற்காக ஆமை முயல் கதையைச் சொல்வான். நடுவில் அலங்காரம், ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், இரண்டே வரியில் முடித்துவிடுவான். அவன் கிரேக்க தேசத்தவன் என்பதால் ஈசாப் கதைகள்தான் அவனுக்குத் தெரியும் என்ற நுட்பமும் அதில் இருக்கிறது. பின்னால் மிமிர் என்ற ஞானி பயணத்தில் சேர்கிறார், நார்ஸ் தெய்வங்களின் கதைகளை அவர் சொல்லத் தொடங்குகிறார். நடுவில் நீங்கள் கரையில் இறங்கிவிட்டால் கதையைப் பிறகு தொடரலாம் என்று நிறுத்திக்கொள்வார்கள். மறுபடி படகில் ஏறியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். துடுப்புப் போடுவதுதான் உங்கள் வேலை, கேட்பது கூடவே நடக்கிறது. கதை கேட்பதற்காக ஆட்டத்தை நிறுத்த வேண்டியதே இல்லை. ஒரு கேமின் பின்புலக் கதையை இவ்வளவு இயல்பாக வேறெங்கும் நான் கேட்டதில்லை.

இதிலும் குறை உண்டு. பெரிய எதிரிகளில் பாதிப்பேர் ஒரே மாதிரியான பூதங்கள், ஒரே மாதிரி சாகிறார்கள். கவசம், கைப்பிடி, மந்திரக்கல் என்று மெனுவைத் திறந்து எண்களை ஒப்பிடும் வேலை அவ்வப்போது வந்து கதையிலிருந்து வெளியே இழுக்கும். ஆனால் கதைக்காக ஆடுபவர் அதில் பாதியைக் கண்டுகொள்ளாமல் போகலாம். ஆட்டம் ஏறத்தாழ 20 மணி நேரம். 2022 ஜனவரியில் கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ஐ (ராக்ஸ்டார், 2018) முதலில் எடுக்கச் சொல்பவர்கள் நிறைய. 1899-ம் ஆண்டு அமெரிக்கா. சட்டம் நெருங்கி வரும் காலத்தில் சிதறிக்கொண்டிருக்கும் ஒரு கொள்ளைக் கூட்டம், அதில் ஆர்தர் மார்கன் என்ற அடியாள். ஆர்தரின் தாடி வளரும். துப்பாக்கியைத் துடைக்காவிட்டால் கெடும். குதிரைக்குத் தீனி போட்டுத் தேய்த்துவிட வேண்டும். மேசை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். இந்த மெதுவான வேலைகள்தான் உங்களை அந்த உலகத்தில் குடியேற்றுகின்றன. ஒரு மனிதனாக வாழ்வது என்பதில் இதை மிஞ்ச வேறு ஆக்‌ஷன் கேம் இல்லை. ஆர்தரின் கதையும் அதற்கேற்ற கனம் கொண்டது.

இங்கே எனக்கு உறுத்துவது மிஷன்கள், அதாவது கதையை நகர்த்த முடிக்க வேண்டிய வேலைகள். உலகம் முழுச் சுதந்திரம் தருகிறது. ஆனால் மிஷன் தொடங்கியதும் அவர்கள் போட்ட கோட்டில்தான் நடக்க வேண்டும், சற்று விலகிப் போனாலும் ‘தோல்வி’ என்று திரை சொல்லிவிடும். மறைந்து செல்லும் புத்தியான வழி ஒன்றை நீங்களே கண்டுபிடித்தாலும் அதற்கு மதிப்பில்லை. அத்தோடு, கதையை மட்டும் முடிக்கவே ஏறத்தாழ 50 மணி நேரம். இரவில் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மாதம் போய்விடும். பனிமலையில் நடக்கும் முதல் அத்தியாயத்தில் மெதுவாக நகர்வதைப் பார்த்துப் பாதியில் விட்டவர்கள் பலர். கம்ப்யூட்டரில் 150 ஜிபி இடமும் வேண்டும்.

நம்மவர்களுக்கு இன்னொரு விஷயம் முக்கியம். இந்த கேம்கள் எதிலும் தமிழ்க் குரலோ தமிழ் சப்டைட்டிலோ கிடையாது. ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொள்பவர்கள் சப்டைட்டிலை நம்பித்தான் இருப்போம். ரெட் டெட்டில் முக்கியமான பேச்சு பெரும்பாலும் குதிரை ஓட்டும்போது வரும், அதுவும் பழைய அமெரிக்கக் கொச்சையில். ஒரு கண் பாதையில், ஒரு கண் எழுத்தில். கூட வருபவரின் வேகத்துக்கு ஒத்துப்போக ஒரு பட்டனைப் பிடித்திருந்தால் குதிரை ஓரளவு தானே போகும் என்பதைத் தெரிந்துகொண்டால் சமாளிக்கலாம். மாறாக காட் ஆஃப் வாரில் க்ரேட்டோஸ் மூன்று நான்கு சொற்களுக்கு மேல் பேசுவதே அபூர்வம். மிமிரின் ஸ்காட்டிஷ் உச்சரிப்பு மட்டும் பழகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். படகு மெதுவாகப் போவதால் படிக்க நேரமும் கிடைக்கிறது.

ஹாஃப்-லைஃப் 2 (வால்வ், 2004) இருபது ஆண்டுக்கும் மேல் பழையது. இருந்தும் இந்தப் பட்டியலில் இருக்கிறது, ஏனென்றால் இதில் கேமரா உங்கள் கண்ணை விட்டு வெளியே போவதே இல்லை. கார்டன் ஃப்ரீமன் நீங்கள்தான். அவன் முகத்தை ஆட்டத்துக்குள் பார்க்க மாட்டீர்கள், குரலையும் கேட்க மாட்டீர்கள். மற்றவர்கள் பேசும்போது நீங்கள் அறையைச் சுற்றிப் பார்க்கலாம், பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். ரயிலிலிருந்து சிட்டி 17-ல் இறங்கியதும், ஒரு காவலன் காலி டப்பாவைக் கீழே தட்டிவிட்டு எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடச் சொல்வான். பணிந்து எடுத்துப் போடலாம், இல்லை அவன் முகத்திலேயே வீசலாம். அந்த நகரத்தில் மனிதர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பது அந்த ஒரு டப்பாவில் புரிந்துவிடும். பொருட்களை எப்படி எடுத்து வீசுவது என்பதையும் அதே இடத்தில் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள்.

பழைய லேப்டாப்பிலும் ஓடும் என்பது பெரிய வசதி. 2024 நவம்பரில் இருபதாம் ஆண்டை ஒட்டி வந்த புதுப்பிப்பில் பின்தொடர்ச்சியான இரண்டு எபிசோடுகளையும் இதனுடனேயே சேர்த்துவிட்டார்கள். தள்ளுபடி வரும்போது மிக மலிவாகக் கிடைக்கும். குறை என்றால், பேசாத நாயகனோடு எல்லோராலும் ஒன்ற முடியாது. முதல்-நபர் பார்வை சிலருக்குத் தலைசுற்றலைத் தரும். இரண்டாம் எபிசோடு (2007) பெரும் துயரத்தின் நடுவில் அறுந்து நிற்கிறது, அதைத் தொடர்ந்து சொல்லும் எபிசோடு த்ரீ வரவேயில்லை. கதை முடிந்தே ஆக வேண்டும் என்பவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஹெல்பிளேட்: செனுவாஸ் சாக்ரிஃபைஸ் (நின்ஜா தியரி, 2017) எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். செனுவா என்ற பிக்ட் இன (பழங்கால ஸ்காட்லாந்து மக்கள்) போர்வீராங்கனைக்கு மனநோய் இருக்கிறது, தலைக்குள் குரல்கள் கேட்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளமருத்துவர் பால் ஃபிளெட்சரும், அத்தகைய அனுபவம் உள்ளவர்களும் உருவாக்கத்தில் உதவினார்கள். குரல்களை இருசெவி முறையில் பதிவு செய்திருப்பதால் ஹெட்போனில் ஒன்று இடது காதுக்குப் பின்னால் கிசுகிசுக்கும், இன்னொன்று வலப்பக்கம் ஏளனம் செய்யும். திரையில் எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் கோடு இல்லை, வரைபடம் இல்லை. சண்டையில் பின்னாலிருந்து ஒருவன் வந்தால் எச்சரிப்பது அந்தக் குரல்களே. நம்மை வதைக்கும் குரல்களையே உயிர் தப்ப நம்ப வேண்டியிருக்கிறது. செனுவாவின் நிலையை இதைவிட நேராக உணரவைக்க முடியாது. சண்டையும் புதிர்களும் சீக்கிரமே ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன என்பது உண்மை. மனநலச் சிக்கலில் இருப்பவர்கள், சமீபத்தில் அப்படி ஒன்றைக் கடந்தவர்கள் தனியாக இரவில் ஆட வேண்டாம். கேமே தொடக்கத்தில் ஒரு எச்சரிக்கை வைத்திருக்கிறது, அதைப் பொருட்படுத்துங்கள்.

எல்டன் ரிங் (2022) பெரிய படைப்பு, சந்தேகமில்லை. ஆனால் கதைக்காக முதல் கேம் தேடுபவருக்கு நான் சொல்ல மாட்டேன். இதன் இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி கதையை உடைத்து, வாள், மோதிரம், இறந்தவனின் அங்கி ஆகியவற்றின் குறிப்புகளில் ஒளித்து வைப்பவர். படித்துச் சேர்த்துப் பார்ப்பவருக்கே கதை கிடைக்கும். ஈசி மோடு கிடையாது, படிக்கும்போது ஆட்டம் நிற்பதும் இல்லை. ஜப்பானின் 1274-ம் ஆண்டு மங்கோலியப் படையெடுப்பைச் சொல்லும் கோஸ்ட் ஆஃப் சுஷிமா (2020) கண்ணுக்கு விருந்து. வரைபடத்துக்குப் பதில் காற்று வழிகாட்டும் யோசனை அற்புதம். ஆனால் மறைந்து கொல்வது சாமுராய்க்கு இழுக்கு என்று கதை வாதாடுகிறது, நீங்கள் கடைசி வரை நேருக்கு நேர் நின்றே போரிட்டாலும் அந்த வாதம் மாறாது. ஹாக்கிங் சொன்ன பிளவு இங்கே அப்படியே இருக்கிறது.

ஆக, பிளேஸ்டேஷன் 4 அல்லது 5 இருந்தால், அல்லது நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் இருந்தால், காட் ஆஃப் வார் 2018-ல் தொடங்குங்கள். பழைய கிரேக்கக் கதைகளை ஆடியிருக்கத் தேவையில்லை. க்ரேட்டோஸ் தன் கடந்தகாலத்தை மகனிடமிருந்து மறைக்கிறான் என்பது மட்டும் தெரிந்தால் போதும், அதுவும் ஆட்டமே சொல்லிவிடும். பழைய லேப்டாப் மட்டும்தான் என்றால் ஹாஃப்-லைஃப் 2, தயங்க வேண்டாம். ஒரே ஒரு வார இறுதிதான் கிடைக்கும், நல்ல ஹெட்போன் இருக்கிறது என்றால் ஹெல்பிளேட். நீண்ட விடுமுறை வருகிறது, அவசரமே இல்லை என்றால் மட்டும் ரெட் டெட்.

காட் ஆஃப் வாரைத் தொடங்கும்போது கடினத்தைக் கேட்கும். நான்கில் எளிதான ‘கிவ் மீ எ ஸ்டோரி’யைத் தேர்ந்தெடுக்க வெட்கப்பட வேண்டாம், கதை ஒரு துளியும் குறையாது. நடுவில் வேண்டுமானால் ஏற்றிக்கொள்ளலாம். நான்காவதான ‘கிவ் மீ காட் ஆஃப் வார்’ என்பதை மட்டும் தொட்டுவிடாதீர்கள், அதைத் தொடங்கினால் நடுவில் மாற்ற முடியாது. சப்டைட்டிலைப் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கி, பேசுபவர் பெயரும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் இதன் தொடர்ச்சியான ரக்னராக்குக்கு (2022) உடனே ஓடத் தோன்றும். நானாக இருந்தால் இடையில் லாஸ்ட் ஆஃப் அஸை ஆடுவேன். சதுரப் பட்டன் கற்றுக்கொடுத்தது விரலில் இருக்கும்போது, அந்த ஏணி இன்னும் நன்றாகப் புரியும்.